கட்டணம் எப்படி முடிவாகிறது, உதவித்தொகை எங்கே நிற்கிறது?

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, இரண்டு பேருமே ஆதிதிராவிடர் உதவித்தொகைக்கு ஒரே வாரத்தில் விண்ணப்பித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பணம் வந்துவிட்டது. என் மகளுக்கு அனுப்பிவிட்டதாக இணையத்தில் காட்டுகிறது, பாஸ்புக்கில் ஏறவில்லை. நடுவில் யார் எடுத்தார்கள்?”

யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பணம் அவர் மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில் கிடக்கலாம், இல்லை உதவித்தொகை அனுப்பிய துறைக்கே திரும்பியிருக்கலாம். எப்படி என்று பார்ப்பதற்கு முன், கட்டணம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஒரு கழித்தல் கணக்கின் மீதி. மொத்தச் செலவிலிருந்து அரசு மானியத்தையும், தேர்வுக் கட்டணம், கல்லூரிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணம் போன்ற வருமானத்தையும் கழித்து, மிஞ்சுவதை மாணவர் தலைக்கு வகுக்கிறார்கள். துறை மதிப்பீடு போடும், நிதிக்குழு வெட்டும், ஆட்சிக்குழு ஒப்புதல் தரும். அரசுக் கலைக் கல்லூரி என்றால் அரசாணைதான் எல்லாம்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 30 இடங்கள் உள்ள ஒரு முதுநிலை அறிவியல் படிப்பு. மூன்று கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 25,000 வீதம் 11 மாதம், 8.25 லட்சம். ரசாயனம், கண்ணாடிக் கருவிகள் 1.5 லட்சம். மின்சாரம், பராமரிப்பு 1.25 லட்சம். ஆக 11 லட்சம். முப்பதால் வகுத்தால் தலைக்கு 36,667 ரூபாய். ஆனால் முப்பது பேரும் சேருவார்கள் என்று எந்த நிதி அலுவலரும் நம்ப மாட்டார். 24 பேர் என்று வைத்தால் 45,833. அரசு 7 லட்சம் கொடுத்தால் மிச்சம் 4 லட்சம், அதே 24 பேருக்கு 16,667. மானியம் வராத ஆண்டில் கட்டணத்தை ஏற்றினால் சேருவோர் 18 ஆகக் குறையலாம், அப்போது தலைக்கு 61,111. அதற்கடுத்த ஆண்டு 12 பேர். இந்தச் சுழலில் மாட்டிய படிப்புகள்தான் சில ஆண்டுகளில் சத்தமில்லாமல் மூடப்படுகின்றன.

மானியம் ஏன் சுருங்குகிறது? செலவில் பெரும்பங்கு சம்பளமும் ஓய்வூதியமும். ஏழாவது ஊதியக் குழுவையொட்டிக் கல்லூரி ஆசிரியர் சம்பளம் உயர்ந்தபோது, கூடுதல் செலவில் பாதியை ஒன்றிய அரசு 2016 ஜனவரி 1 முதல் 2019 மார்ச் 31 வரை, 39 மாதங்களுக்கு மட்டும் ஏற்பதாகச் சொன்னது. நாற்பதாவது மாதத்திலிருந்து அது மாநிலத்தின் தலையில். மாநிலம் தராத பங்கு பல்கலைக்கழகத்தின் தலையில்.

கட்டணம் என்பது மீதிதான் என்பதற்கு இந்தப் பகுதியிலேயே கண்கூடான சான்று உண்டு. கொள்ளிடம் தாண்டிச் சிதம்பரத்தில், 2013இல் அரசு ஏற்ற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மாணவர்களின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டது. கட்டணம் 13,610 ரூபாயானது. ஆசிரியர்களும் ஆய்வகமும் நோயாளிகளும் அதேதான். கழிக்கப்படும் தொகை எந்தத் துறையின் தலைப்பில் வருகிறது என்பது மட்டுமே மாறியது.

துவாக்குடியில் இருக்கும் திருச்சி என்.ஐ.டி. வேறு வழி. 2016இல் எல்லா என்.ஐ.டி.களிலும் இளநிலைக் கல்விக் கட்டணத்தை 70,000இலிருந்து 1,25,000 ஆக்கினார்கள். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. குடும்ப ஆண்டு வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே என்றால் முழு விலக்கு, ஒன்றிலிருந்து ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து லட்சம் சம்பாதிக்கும் குடும்பம் 41,667 கட்டும், ஐந்து லட்சத்து ஒரு ரூபாய் சம்பாதிக்கும் குடும்பம் 1,25,000 கட்டும். அந்த ஒரு ரூபாய்க்கு 83,333 ரூபாய் அபராதம். படிப்படியாகக் குறையும் சூத்திரம் எழுதுவது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஏன் எழுதவில்லை என்பதற்கு என்னிடம் மரியாதையான பதில் இல்லை. ஒரு போகம் தாளடி மூழ்கினால் அடியோடு மாறிவிடும் வருமானத்துக்கு இப்படி ஒரு கூர்மையான கோடு போடுவது இன்னும் அபத்தம்.

இனி உதவித்தொகை. இதில் இரண்டு வகைப் பாதைகள். முதல் பட்டதாரிச் சலுகை மாணவர் கைக்கு வருவதே இல்லை, அரசு அதைக் கல்லூரிக்கே செலுத்துகிறது. மாணவர் தர வேண்டியது இ-சேவை வழியாக வாங்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழ், குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரின் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022இல் தொடங்கிய புதுமைப் பெண், 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் இரண்டும் மாதம் 1,000 ரூபாயை மாணவரின் வங்கிக் கணக்கிலேயே போடுகின்றன. வாசகர் கேட்டிருக்கும், பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மாணவர் கணக்குக்குத்தான் வரும். குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். மாநிலம் 40, ஒன்றியம் 60 விழுக்காடு. மாநிலப் பங்கு போன பிறகே ஒன்றியப் பங்கு புறப்படும். கட்டாயக் கட்டணம் போக ஆண்டுப் படியும் உண்டு: சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. என்றால் விடுதியில் இருப்பவருக்கு 6,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000.

இந்தப் பணம் போகும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஏனென்றால் அதில் கணக்கு எண் பயணிப்பதே இல்லை.

உதவித்தொகை தரும் துறை தயாரிக்கும் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் இருப்பவை ஆதார் எண், பெயர், தொகை. அது துறையின் வங்கி வழியாகத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகமான என்.பி.சி.ஐ.க்குப் போகிறது. அங்கே ‘மேப்பர்’ என்றொரு பிரம்மாண்டமான அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஆதார் எண்ணுக்கும் நேராக ஒரே ஒரு வங்கியின் குறியீடு. கணக்கு எண் இல்லை, கிளை இல்லை, ஐ.எஃப்.எஸ்.சி. இல்லை. அந்த வரி எந்த வங்கியைக் காட்டுகிறதோ அங்கே தொகை போகும். அந்த வங்கி தன் சொந்த அட்டவணையில் இந்த ஆதாருக்குரிய கணக்கைத் தேடி வரவு வைத்து, ‘ஆயிற்று’ என்று பதில் அனுப்பும். கல்லணையில் ஷட்டர் திறப்பவருக்குக் காவிரியா, வெண்ணாறா, புது ஆறா என்பது மட்டும் தெரிந்தால் போதும். எந்த வயலுக்கு எந்த மடை என்பது ஊரில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதே பிரிவினைதான் இங்கேயும். உங்கள் கணக்கு எண் துறைக்கும் என்.பி.சி.ஐ.க்கும் தெரியாமலே பணம் வந்து சேர்கிறது. அழகான வடிவமைப்பு.

சிக்கல் முளைப்பதும் அதே இடத்தில். மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரே வரி என்பதால், கடைசியாக இணைத்த வங்கிதான் நிற்கும். பள்ளியில் படிக்கும்போது கூட்டுறவு வங்கியில் கணக்கு, கல்லூரியில் சேர்ந்ததும் வாசலில் முகாம் போட்ட வங்கியில் இன்னொன்று, கைபேசிக் கடையில் கைரேகை வைத்தபோது ஒரு பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கு. மூன்றாவதாகக் கையெழுத்தான படிவத்தில் ‘அரசு மானியங்களை இந்தக் கணக்கில் பெறச் சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருந்தால், முந்தைய இரண்டும் மேப்பரிலிருந்து மறைந்துவிடும். 2017இல் சமையல் எரிவாயு மானியம் லட்சக்கணக்கானவர்களுக்கு அவர்களே அறியாத பேமென்ட்ஸ் வங்கிக் கணக்குகளுக்குப் போனது இந்த வழியில்தான்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. “ஆதார் இணைச்சாச்சும்மா” என்று வங்கியில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அடையாளச் சரிபார்ப்புக்காக ஆதாரைக் கணக்கில் பதிந்ததை. மேப்பரில் ஏற்றத் தனிச் சம்மதப் படிவம் வேண்டும். அது கொடுக்கவில்லை என்றால் வரியே இருக்காது, பணம் திரும்பிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்களாக எந்த வரவு செலவும் செய்யாத கணக்கு செயலற்றதாகக் குறிக்கப்படலாம், அதிலும் வரவு ஏறாமல் திரும்பலாம். முழு ஆவணம் இல்லாமல் திறந்த ‘சிறு கணக்கு’ என்றால் ஆண்டுக்கு மொத்த வரவு ஒரு லட்சம் என்பது உச்சவரம்பு. பொறியியல் கட்டணமும் சேர்ந்து வரும்போது இது இடிக்கலாம். இதற்கெல்லாம் முன்னதாகவே விண்ணப்பம் நின்றுபோகக் காரணம், பெரும்பாலும் நம் தலைப்பெழுத்து: மதிப்பெண் சான்றில் ‘கவிதா ர’, ஆதாரில் வெறும் ‘கவிதா’.

இந்த வடிவமைப்பில் இன்னொரு விளைவு. மேப்பரைப் பார்ப்பது நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அல்ல, பணம் புறப்படும் நாளில். மாநிலப் பங்கும் ஒன்றியப் பங்கும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு கோப்பில் புறப்படுவதால், இடையில் வங்கி மாறியிருந்தால் 40 ஒரு வங்கியிலும் 60 இன்னொன்றிலும் ஏறும்! இதிலேயே நல்ல செய்தியும் இருக்கிறது: வங்கியைச் சரிசெய்தால் இனிப் புறப்படும் பணம் சரியான இடத்துக்கு வரும், மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ‘இன்னொரு தடவை போட்டுப் பாருங்க’ என்று பிரவுசிங் சென்டரில் சொல்வதைக் கேட்டால் இரட்டை விண்ணப்பம் என்று இரண்டுமே நிறுத்தி வைக்கப்படலாம். ராகுகாலம் பார்த்துப் பொத்தானை அழுத்துவோரும் உண்டு, என்.பி.சி.ஐ. எந்த நேரத்துக் கோப்பையும் அதே அட்டவணையைப் பார்த்துத்தான் அனுப்பும்.

ஆகவே வாசகர் செய்ய வேண்டியது: மைஆதார் தளத்தில் மகளின் ஆதார் எண்ணையும் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்து, வங்கி இணைப்பு நிலையைப் பார்ப்பது. ஒரு வங்கியின் பெயரும் அது செயலில் இருக்கிறதா என்பதும் தெரியும். வேறு வங்கி என்றால் அங்கே போய்ப் பாஸ்புக் பதிந்தால் பணம் இருக்கும். எதுவும் இல்லையென்றால், வேண்டிய வங்கியில் சம்மதப் படிவம் கொடுத்து, மேப்பரில் ஏறிய பிறகு, கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகை பார்க்கும் எழுத்தரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். திரும்பிய பணம் தானாக மறுபடி வராது, அடுத்த கோப்பில் யாராவது சேர்த்தால்தான் வரும். அதையும் நிதியாண்டு முடியும் மார்ச் 31க்குள் செய்துவிடுவது நல்லது.

தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்பவர்கள் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பது என் குறை. மேட்டூர் திறக்கும் ஜூன் 12ஐ ஒட்டி டெல்டாவில் விதை, உழவு, நடவு என்று கைக்காசு வெளியே போகும். கல்லூரிக் கட்டணமும் அதே ஜூன், ஜூலையில். சம்பா அறுப்புப் பணம் தை, மாசியில். உதவித்தொகையும் பெரும்பாலும் அப்போதுதான். நடுவில் ஒரு சுயநிதிப் பிரிவு மாணவிக்காக 20,000 ரூபாயை இரண்டு வட்டிக்கு வாங்கினால், எட்டு மாதத்துக்கு 3,200 ரூபாய். வீட்டிலிருந்து வரும் பி.எஸ்சி. மாணவியின் ஓராண்டுப் படியை விட 200 ரூபாய் அதிகம். இதைத் தவிர்க்கத்தான் முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் ‘ஃப்ரீஷிப் கார்டு’ விதிகளில் இருக்கிறது. ஆனால் சம்பளம் கொடுக்கக் கட்டணத்தை நம்பியிருக்கும் கல்லூரி, எட்டு மாதக் கடனை மகிழ்ச்சியோடு சுமக்காது.

மூன்றாண்டுப் படிப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் புதுப்பித்தல் விண்ணப்பதாரர்கள். அவர்களின் சாதிச் சான்று, கல்லூரி எல்லாம் போன ஆண்டே சரிபார்த்தாகிவிட்டது. அவர்களுக்கு மாநிலத்தின் 40 விழுக்காட்டை ஜூனிலேயே அனுப்பி, வருமானச் சான்றையும் வருகையையும் பிறகு பார்த்துக் கணக்கு நேர் செய்யலாம். சரிபார்ப்புக்கு டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியவர்கள் முதலாண்டுக்காரர்கள் மட்டுமே.