டானின் கசப்பு அல்ல, துவர்ப்பு

'இந்தச் சிவப்பு ஒயினில் கசப்பு மிதமாக உள்ளது.' ஒயினைச் சுவைத்துத் தரம் பார்ப்பது பற்றித் தமிழில் வரும் எதை எடுத்தாலும் இந்த வாக்கியம் ஏதோ ஒரு வடிவத்தில் வந்துவிடுகிறது. வீடியோவின் அடிவரியில் வருகிறது, ஹோட்டல் மேலாண்மைப் பாடத்தாளில் வருகிறது, வார இதழ்த் துணுக்கில் வருகிறது. ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் டானின், அதாவது திராட்சைத் தோலிலும் விதையிலும் மரப் பட்டையிலும் உள்ள துவர்க்கும் பொருள். அதைக் கசப்பு என்று எழுதுவது தப்பு. துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணித் தனிப்பெயர் கொடுத்திருக்கும் மொழியில் இந்தத் தப்பு திரும்பத் திரும்ப நடக்கிறது. வேலூர்க்காரனான எனக்கு அது கூடுதலாகவே உறுத்துகிறது, ஏனென்றால் டானின் எங்கள் ஊருக்குச் சோறு போட்ட பொருள்.

சொல்லின் வரலாறு சின்னதுதான். ஓக் மரப் பட்டைக்கு இடைக்கால லத்தீனில் 'தன்னும்' என்று பெயர். பிரான்சின் வடமேற்கில் பேசும் பிரெத்தோன் மொழியில் 'தன்' என்றாலே ஓக் மரம். அந்தப் பட்டையை இடித்து ஊறவைத்த நீரில் தோலைப் போட்டுப் பதனிட்டார்கள். அந்த வேலை 'டேன்' ஆனது, வேலை நடக்கும் இடம் 'டேனரி' ஆனது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலில் அந்தப் பட்டைச் சத்துக்கு டானின் என்ற பெயர் வந்தது. சரி, அது போகட்டும்.

ஓக் மரம் இல்லாத நம் பக்கத்தில் அந்த வேலையைச் செய்தவை ஆவாரம் பட்டை, வேலம் பட்டை, கடுக்காய். பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய ஊர்களில் தோல் தொழில் வளர்ந்தது இவற்றை நம்பித்தான். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் 'டேனரி' என்ற சொல்லுக்கு இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பூவுக்குத்தான் பெருமை பேசுகிறோம். பட்டையைப் பற்றிக் கேட்டால், ஒரு துண்டை வாயில் போட்டு மென்றவர்கள் சொல்வார்கள்: நாக்கு தடித்துப்போகும், ஈறு இழுத்துப் பிடிக்கும், கன்னத்தின் உட்புறம் பல்லோடு ஒட்டும். அதைக் கசக்குது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். துவர்க்குது என்றுதான் சொல்வார்கள்.

ஏன் அப்படி ஆகிறது? டானினுக்குப் புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்தோடு அது பிணைந்துகொள்வதால்தான் அழுகிப்போகவேண்டிய பச்சைத் தோல் செருப்பாகவும் பையாகவும் நிலைக்கிறது. வாயில் அதே டானின் எச்சிலில் உள்ள புரதங்களைப் பிடித்துத் திரட்டிவிடுகிறது. எச்சிலின் வழவழப்பு போய்விடுகிறது, உள்வாய் உரசுகிறது. அந்த உரசல்தான் துவர்ப்பு. கசப்பு இப்படி வருவதில்லை, நாக்கிலுள்ள சுவை மொட்டுகள் அதை உணர்கின்றன. மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே சுவை மொட்டு கிடையாது. வேப்பங்கொழுந்தை மென்றால் அந்த இடத்தில் ஒன்றும் தெரியாது. கடுக்காய்த் தூளைத் தேய்த்தால் உடனே இழுக்கும். சந்தேகம் இருப்பவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

ஹோட்டல் மேலாண்மை படிக்கும் என் அக்கா மகன் இதே கேள்வியோடு வந்தான்.

"மாமா, டானின்னா கசப்புன்னு நோட்ஸ்ல போட்டிருக்கு. கொஞ்சம் தள்ளி 'பிட்டர்னெஸ்' இருக்கு, அதுக்கும் கசப்புன்னுதான் போட்டிருக்கு. ரெண்டும் ஒண்ணா?"

"ரெண்டும் வேறடா. எழுதினவர் குழம்பிட்டார்."

"அப்ப பரீட்சையில எதை எழுதறது?"

இந்தக் கேள்விக்கு அந்த மொழிபெயர்ப்பாளர் என்ன பதில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். ஒயினில் கசப்பும் உண்டு, துவர்ப்பும் உண்டு. திராட்சை விதையில் உள்ள சிறு மூலக்கூறுகள் கூடுதலாகக் கசக்கும், அவை சங்கிலியாகக் கோத்துப் பெரிதானால் துவர்ப்பு ஓங்கும். பிழியும்போது விதை நசுங்கினால் வேண்டாத கசப்பு இறங்கிவிடும் என்று ஒயின் செய்கிறவர்கள் கவனமாக இருப்பார்கள். நல்ல துவர்ப்பை அவர்களே தேடிப்போவார்கள். ஒன்று குறை, மற்றது பெரும்பாலும் சிறப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாராட்டு எது, குற்றம் எது என்று படிக்கிறவனுக்குத் தெரியாது.

கசப்பாவது அறியாமை என்று விடலாம். இன்னொரு மொழிபெயர்ப்பு அறிவாளித்தனமாகச் செய்யப்படுகிறது. அகராதியில் 'டேன்' என்றால் தோல் பதனிடுதல் என்று பார்த்துவிட்டு, டானினை 'தோல் பதனிடும் பொருள்' ஆக்குகிறார்கள். நான் படித்த வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: 'திராட்சைத் தோலிலிருந்து வரும் தோல் பதனிடும் பொருள் ஒயினுக்கு அமைப்பைத் தருகிறது.' இதில் முதல் தோல் பழத்தின் மேல்தோல், இரண்டாவது தோல் ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா தெரியாது. அமைப்பு என்றால் என்ன அமைப்பு என்பதும் தெரியாது. ஆங்கிலம் படித்தவன் டானின் என்ற சொல்லுக்குள் இருக்கும் ஓக் பட்டையை நினைப்பதே இல்லை, அவனுக்கு அது வாயில் தெரியும் ஒரு உணர்வு. சொல்லின் பிறப்பை மொழிபெயர்த்து, சொல்லின் பொருளை விட்டுவிடுகிறார்கள்.

ராணிப்பேட்டையில் நின்று இந்தத் தொடரைப் படித்தால் இன்னும் மோசம். இங்கே பட்டை போட்டுப் பதனிட்ட காலம் பெரும்பாலும் போய்விட்டது. தோல் பதனிடும் பொருள் என்றால் இன்றைக்கு எங்கள் காதில் விழுவது குரோமியம். தோல் ஆலைக் கழிவால் பாலாறும் கிணறுகளும் கெட்டுப்போய், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1996இல் தீர்ப்பு வந்த கதை இந்த மாவட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குடிக்கிற பொருளைப் பற்றிய குறிப்பில் இந்தச் சொல்லைப் போடுவது எங்கள் ஊர் வாசகன் மனத்தில் என்ன நினைப்பை எழுப்பும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது குழப்பம் 'உலர்'. 'உலர் வெள்ளை ஒயின்', 'உலர் சிவப்பு ஒயின்' என்று எங்கும் பார்க்கிறேன். திரவம் எப்படி உலர்ந்திருக்கும்? ஆங்கிலத்தில் ஒயினைப் பற்றி 'டிரை' என்றால் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் ஆல்கஹாலாக மாறிவிட்டது, இனிப்பு மிச்சமில்லை என்று அர்த்தம். ஐரோப்பிய விதிப்படி சாதாரண ஒயினில் லிட்டருக்கு 4 கிராமுக்குள் சர்க்கரை இருந்தால் அப்படிப் போடலாம், புளிப்பு அதற்கேற்ப இருந்தால் 9 கிராம் வரை போகலாம். ஷாம்பேன் போன்ற நுரைக்கும் ஒயினில் அதே சொல் 17 முதல் 32 கிராம் வரை உள்ளதைக் குறிக்கிறது, அது குடித்தால் தித்திக்கும். சொந்த மொழியிலேயே இப்படித் தடுமாறும் சொல்லை 'உலர்' என்று நேராக இறக்கினால் என்ன கிடைக்கும்? வாயை உலர்த்துவது டானின் செய்யும் வேலை. 'உலர் ஒயின்' என்று படிக்கும் தமிழன் துவர்ப்பான ஒயின் என்றுதான் எடுத்துக்கொள்வான். ஜெர்மனியின் மோசல் பக்கத்து ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினில் இனிப்பில்லாத வகையை 'உலர்' என்று சொன்னால் அவன் ஏமாந்துபோவான், ஏனென்றால் அது புளிப்பால் வாயில் எச்சில் ஊறவைக்கும் ஒயின். 'இனிப்பில்லாத' என்று எழுதிவிட்டால் யாருக்கும் குழப்பம் வராது.

இப்படித் தொடங்கினால் நிற்காது. முழு உடல் ஒயின், ஒயினின் மூக்கு, ஒயினின் கால்கள் (கிண்ணத்தின் உட்புறம் வழியும் கோடுகள்), நீண்ட முடிவு, பச்சை டானின்கள். இவை எதையும் தமிழ் பேசுகிறவர் வாயால் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதியதாகத் தெரியவில்லை. ரசம் தண்ணியாக இருக்கிறது, கெட்டியாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த நமக்கு 'உடல்' எதற்கு? மூக்கு வேண்டாம், மணம் போதும். 'நீண்ட முடிவு' என்பதை 'விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் நிற்கிறது' என்று எழுதினால் நாலு வார்த்தை கூடும், புரிந்துவிடும். 'பச்சை டானின்' என்பது பழுக்காத திராட்சையிலிருந்து வரும் முரட்டுத் துவர்ப்பு. பிஞ்சு மாதுளையைக் கடித்த எவருக்கும் அது தெரியும். பிஞ்சுத் துவர்ப்பு என்று எழுதுங்கள். பழுத்ததிலிருந்து வந்தால் கனிந்த துவர்ப்பு, ஓக் பீப்பாயிலிருந்து இறங்கியிருந்தால் மரத் துவர்ப்பு. இன்னும் நுணுக்கமாகப் போகவேண்டுமா, சொரசொரப்பு, நைசு என்று தொட்டு உணரும் சொற்கள் இருக்கின்றன. துவர்ப்பு தொடு உணர்வுதான் என்பதால் அவை சரியாகப் பொருந்தும்.

தூய தமிழ் என்ற பிடிவாதத்தில் இதைச் சொல்லவில்லை. ஒயின் என்ற சொல்லை நான் மாற்றச் சொல்ல மாட்டேன். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த தண்கமழ் தேறலைப் புறநானூறு பாடுகிறது, அதனால் தேறல் என்றே எழுதவேண்டும் என்பவர்கள் உண்டு. அழகான சொல். ஆனால் தேறல் என்பது தெளிந்த மது எல்லாவற்றுக்கும் பொது, திராட்சைக்கு மட்டும் உரியதல்ல. கடைக்காரரிடம் போய்த் தேறல் கேட்டால் கிடைக்காது. துவர்ப்பு அப்படியல்ல. எல்லோர் வாயிலும் இருக்கும் சொல், பொருளும் துல்லியம். வாழைப்பூவுக்கும் நாவல் பழத்துக்கும் பாக்குக்கும் பாலில்லாத டீக்கும் பயன்படுத்தும் சொல்லை, அதே வேதிப்பொருள் ஒயினில் இருக்கும்போது மட்டும் ஏன் கைவிடவேண்டும்?

'துவர்' என்ற வேரைக் கொஞ்சம் கிளறினால் இன்னும் வியப்பு. துவர் என்றால் துவர்ப்பு. துவர் என்றால் சிவப்பு, பவளத்தின் நிறம். பௌத்தத் துறவிகளின் காவியாடையைத் தேவாரம் துவராடை என்கிறது. மரப் பட்டைகளின் துவர்நீர் துணியில் ஏற்றும் நிறமும் அந்தச் செம்மைதான். மூன்றாவதாக, துவர்த்துதல் என்றால் ஈரம் போகத் துடைத்தல். நாகர்கோவில் பக்கம் தலை துவட்டும் துண்டுக்கே துவர்த்து என்று பெயர். சிவப்பு, துவர்ப்பு, ஈரம் வாங்குதல், மூன்றும் ஒரு சொல்லுக்குள். சிலப்பதிகாரத்தில் கடலாடப் போகும் மாதவி 'பத்துத் துவரினும் ஐந்து விரையினும்' ஊறிய நீரில் கூந்தலை நனைக்கிறாள். உரை சொல்லும் அந்தப் பத்தில் கடுக்காயும் நெல்லியும் தான்றியும் இருக்கின்றன, கருங்காலியும் நாவலும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள கடுக்காய்தான் பாலாற்றங்கரையில் தொட்டிகளில் ஊறியது. 'டானின் உள்ள பொருள்கள்' என்று இன்றைக்கு வேதியியல் வகுக்கும் தொகுதியைத் 'துவர்' என்று நம்மவர்கள் அப்போதே ஒரு பெயரில் கூட்டி வைத்திருந்தார்கள்.

வேதியியல் பாடத்தில் டானின் என்று எழுதினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பொருளைச் சுட்டித் தமிழில் சொல்லவேண்டும் என்றால் 'துவர்ச்சத்து' போதும். ஆனால் சுவைக் குறிப்பில் துவர்ப்பு என்றே இருக்கவேண்டும். அப்படி எழுதிப் பார்த்தால் எவ்வளவு எளிதாக வருகிறது என்பதற்குச் சில குறிப்புகள்.

இத்தாலியின் பியட்மாண்ட்டில் நெப்பியோலோ திராட்சையில் செய்யும் பரோலோ: நிறம் வெளிறியது, துவர்ப்பு கடுமை, புளிப்பும் கூட. விற்பனைக்கு வரும் முன் 38 மாதம் முதிரவேண்டும் என்று விதியே இருக்கிறது. காலம் போகப்போகத் துவர்ப்பு இளகும். நிறத்தை மட்டும் பார்த்துத் துவர்ப்பைக் கணிக்கக்கூடாது என்பதற்கு இதுதான் நல்ல பாடம்.

பிரான்சின் தென்மேற்கில் மதிரான் ஊர் ஒயின்: தனா என்ற திராட்சை. நிறமும் கருமை, துவர்ப்பும் முரடு. கொழுப்புள்ள கறியோடு குடித்தால் துவர்ப்பு இறைச்சியின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு வாயை விட்டுவிடும்.

பிரான்சின் போஜொலே பகுதியில் காமே திராட்சையில் செய்யும் ஒயின்: துவர்ப்பு லேசு, பழச்சுவை முன்னால் நிற்கும்.

பிரான்சின் ஷாப்லியில் ஷார்டொனே திராட்சையில் செய்யும் ஒயின்: வெள்ளை, இனிப்பில்லாதது, புளிப்பு தூக்கல், துவர்ப்பு இல்லை என்றே சொல்லலாம். வெள்ளை ஒயினுக்குச் சாற்றை முதலிலேயே பிழிந்து தோலையும் விதையையும் நீக்கிவிடுவார்கள், சிவப்பு ஒயின் அவற்றோடு சேர்ந்தே நொதிக்கிறது.

ஜார்ஜியா நாட்டின் குவெவ்ரி ஒயின்: மண்ணில் புதைத்த பெரிய தாழியில், கக்கேத்திப் பகுதியில் வெள்ளைத் திராட்சையைத் தோலும் விதையுமாக மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். யுனெஸ்கோ 2013இல் இந்த முறையை மரபுப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளைத் திராட்சைதான், ஆனால் தேன் நிறம், வாயில் தெளிவான துவர்ப்பு. இதற்குப் போய் 'கசப்பான உலர் வெள்ளை ஒயின்' என்று ஒரு பட்டியலில் எழுதியிருந்தார்கள். இனிப்பில்லாத, துவர்ப்பான ஒயின் என்று திருத்திக்கொள்ளலாம்.