சொல் விளக்கம்: அயலார் வான்படைத்தளம்

ஆங்கிலத்தில் ஏர் பேஸ் எனப்படுவதை நம் நாளிதழ்கள் விமானத்தளம் என்றும் விமானப்படைத் தளம் என்றும் மாற்றி மாற்றி எழுதுகின்றன. முன்னது போதாது. ஓடுபாதை பயணியர் நிலையத்திலும் உண்டு. எரிபொருள் சேமிப்பும் வெடிபொருள் கிடங்கும் பழுதுபார்க்கும் கொட்டகைகளும் வீரர் குடியிருப்பும் ஒரே கட்டளையின்கீழ் அமைந்தால்தான் அது படைத்தளம்.

பேஸ் என்பது அடிவைப்பு, பீடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. தளம் என்பதும் தரை, மேடை என்று பொருள் தரும் வடசொல்லின் வழியே வந்ததுதான். தளபதி என்பதிலுள்ள தளமோ படையைக் குறிக்கும் வேறொரு வடசொல். முதலெழுத்தின் ஒலிப்பால் வேறுபட்ட இரண்டும், அவ்வேறுபாட்டைக் காட்டாத தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. விமானமும் வடசொல்லே. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’ வருவதால், வானூர்தி, வான்படை என்பவற்றை நாம் தயக்கமின்றி எடுத்தாளலாம். பாசறை என்னும் பழஞ்சொல் அழகியது, ஆயினும் இங்கே பொருந்தாது. அது போர் முடிந்ததும் கலைவது.

அயல்நாட்டுத் தளம் கலைவதில்லை என்பதற்கு இலங்கையே சான்று. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய வானூர்திகள் திருகோணமலைத் துறைமுகத்தோடு சீனன்குடா வான்தளத்தையும் தாக்கின; போர் முடிந்து, 1948இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும், 1947இல் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி சீனன்குடாவும் கட்டுநாயக்காவும் பிரித்தானிய வான்படையிடமே இருந்தன. சிங்கப்பூர் நோக்கிப் பறந்த அதன் வானூர்திகளுக்குக் கட்டுநாயக்கா இடைத்தங்கலாயிற்று. 1956இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்கா கேட்டுக்கொண்டதன் பேரில் 1957இல் தளங்கள் திரும்பக் கிடைத்தன. பிரித்தானியர் மாலைத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவின் கான் தீவுக்கு இடம் மாறி, 1976 வரை அங்கிருந்தனர்.

இங்கேதான் நம் சொல்லாட்சி தடுமாறுகிறது. ‘வெளிநாட்டு விமானத்தளம்’ என்றால் வெளிநாட்டில் உள்ளதா, வெளிநாட்டார் நடத்துவதா என்பது விளங்காது. இறைமை பற்றிய செய்தியில் அந்த மயக்கம் சிறு பிழையன்று. நிலம் யாருடையது, கட்டளை யாருடையது என்பதே அங்கு கேள்வி. எனவே பொதுப்பெயராக ‘அயலார் வான்படைத்தளம்’ என்பதையும், தனித்தளத்தைச் சுட்டுகையில் ‘இலங்கையிலிருந்த பிரித்தானிய வான்படைத்தளம்’ என்பதுபோல் நிலத்தையும் நடத்துவோரையும் சேர்த்துக் கூறும் முறையையும் பரிந்துரைக்கிறேன்.