இடிக்கடவுளின் பெயருக்குள் ஓர் ஓக் மரம்

லித்துவேனியரின் இடிக்கடவுள் பெர்கூனாஸும் வேதத்து மழைக்கடவுள் பர்ஜன்யனும் ஒரே பெயர்தானா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். காதுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் பெயர்களைக் காதால் மட்டும் ஒப்பிடக் கூடாது.

பெர்கூனாஸ் லாத்வியாவில் பேர்கோன்ஸ். வழக்கொழிந்துபோன பழம் பிரஷ்ய மொழியில் 'பெர்குனிஸ்' என்றாலே இடி. பின்லாந்துக்காரர்கள் சாத்தானைக் குறிக்கும் 'பெர்கெலே'யும் லித்துவேனியமும் லாத்வியமும் அடங்கிய பால்டிக் மொழிக் குடும்பத்திடம் வாங்கிய கடன் என்பதே பெரும்பாலோர் கருத்து.

பெர்கூனாஸின் மிக அழகான உறவு லத்தீனில் இருக்கிறது. அது ஓக் மரத்தைக் குறிக்கும் 'குவெர்குஸ்'. 'பெ' எப்படி 'குவெ' ஆனது? லத்தீன், லித்துவேனியம், சமஸ்கிருதம் மூன்றும் பிறந்த மூலமொழியின் சொல்லில் முதலில் 'ப', அடுத்து 'க்வ' வந்தால், லத்தீன் முதல் ஒலியையும் 'க்வ' ஆக்கிவிடும். ஐந்து என்பது லித்துவேனியத்தில் பென்கி, சமஸ்கிருதத்தில் பஞ்ச, லத்தீனில் குவின்குவே. சமைப்பது சமஸ்கிருதத்தில் 'பச்' (நளபாகத்தின் 'பாகம்' இதில் பிறந்தது), லத்தீனில் 'கொக்குவோ'. அதே தடத்தில்தான் பெர்க், குவெர்க். ஒரு சொல் மாறினால் தற்செயல் எனலாம். மூன்றும் ஒரே மாதிரி மாறினால் அது விதி.

மீதமிருப்பது 'ன'கர விகுதி. லத்தீனில் 'தோமுஸ்' வீடு, 'தோமினுஸ்' வீட்டுத் தலைவன். அப்படியானால் பெர்கூனாஸ் ஓக்கின் தலைவன். உயர்ந்து நிற்கும் மரத்தில் மின்னல் இறங்குவதைக் கண்டவர்கள் வைத்த பெயர். 'அடித்தல்' என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது என்போரும் உண்டு. எனக்கு ஓக்தான் வலுவாகப் படுகிறது.

பர்ஜன்யன் இடறுவது 'ஜ'வில். பழைய 'க்வ' சமஸ்கிருதத்தில் 'க' அல்லது 'ச' ஆகும். அதிரும் 'ஜ' ஆகாது. அந்த ஒற்றை எழுத்துக்கு விளக்கம் கிடைக்கும்வரை இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியாது.

லித்துவேனியத் தெய்வங்களைப் பற்றிய பழைய பதிவுகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. காதல் தெய்வம் 'மில்டா' 19-ஆம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் தியோடர் நார்பட் எழுதிய நூலால் பரவிய பெயர். அதற்கு முந்தைய நம்பகமான சான்று கிடையாது.

அடுப்புத் தெய்வம் 'காபியா'வுக்கோ சடங்கே துணை நிற்கிறது. லித்துவேனியத்தில் 'கௌப்தி' என்றால் போர்த்து. அக்காலத்தில் இரவில் வீட்டுப்பெண் தணலை ஒன்றாகக் கூட்டிச் சாம்பலால் போர்த்தி, காபியாவைத் தூங்க வைப்பாள். சாம்பல் மெல்லியதாக இருந்தால் காற்றுப் புகுந்து விடியுமுன் தணல் எரிந்து தீரும். அளவாகப் போர்த்தினால் காலையில் ஊதியதும் கங்கு சிவக்கும்.