ஆடு ஏன் கையை நக்குகிறது?

வியர்த்த கையை ஆட்டிடம் நீட்டிப் பாருங்கள், விடாமல் நக்கும். பாசம் என்று நாம் நினைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிடித்தது அந்த உப்பு. புல்லிலும் தழையிலும் பொட்டாசியம் ஏராளம், சோடியம் சொற்பம், அதனால் மேயும் பிராணிகளுக்கு உப்புத் தட்டுப்பாடு சுலபமாக வந்துவிடும். புலிக்கு அந்தக் கவலை இல்லை, இரையின் ரத்தத்திலும் இறைச்சியிலுமே வேண்டியது கிடைத்துவிடுகிறது.

சரி, இப்போது வேண்டியது தண்ணீரா உப்பா என்று ஆட்டுக்கு எப்படித் தெரிகிறது? 1950களில் ஸ்வீடனில் பெங்ட் ஆண்டர்சன் என்பவர் ஆட்டின் மூளையில் ஹைப்போதலாமஸ் பகுதிக்குள் துளியூண்டு உப்புக் கரைசலைச் செலுத்திப் பார்த்தார். அதுவரை தாகமே இல்லாமல் நின்ற ஆடு மடமடவென்று தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வறள்வது தொண்டைதான், ஆனால் தாகத்தைக் கிளப்பிவிடுவது மூளை.

ரத்தத்தில் ஓடுவதெல்லாம் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது, நடுவில் ஒரு தடுப்பு உண்டு. அந்தத் தடுப்பு தளர்ந்த குட்டி இடங்களில் ஒன்று சப்ஃபார்னிக்கல் ஆர்கன். உடம்பில் நீரோ உப்போ குறைந்து ரத்தத்தின் அளவு இறங்கினால் சிறுநீரகம் ரெனின் என்ற பொருளைச் சுரக்கும், அதனால் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் கூடும், அது ரத்தத்தோடு வந்து இங்குள்ள செல்களில் அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இருக்கும் ஏடி1 ஏற்பிகளில் ஒட்டிக்கொள்ளும்.

சிக்கல் இங்கேதான். நீர் குறைந்தாலும் ஆஞ்சியோடென்சின், உப்பு குறைந்தாலும் அதே ஆஞ்சியோடென்சின். வெயிலில் வாடிய ஆடு போய் உப்பை நக்கினால் நிலைமை இன்னும் மோசமாகிவிடுமே!

2017இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளை வைத்து இதற்கு விடை கண்டார்கள். சப்ஃபார்னிக்கல் ஆர்கனில் ஏடி1 ஏற்பி உள்ள நரம்பு செல்கள் இரண்டு கூட்டம், ஒன்று தண்ணீரைத் தேட வைக்கும், மற்றது உப்பைத் தேட வைக்கும். உடம்பு வறண்டு ரத்தத்தில் சோடியத்தின் செறிவு ஏறினால், அதை உணரும் நாக்ஸ் என்ற புரதத்தின் வழியாக உப்புக் கூட்டம் அடக்கப்படுகிறது. சோடியம் குறைந்தாலோ கோலிசிஸ்டோகைனின் வந்து தண்ணீர்க் கூட்டத்தை அடக்குகிறது, சாப்பிட்டதும் குடலில் சுரந்து வயிறு நிறைந்த உணர்வைத் தருகிற அதே பொருள்தான், மூளையில் அதற்கு இப்படியும் ஒரு வேலை. சேதி ஒன்றுதான், எந்தக் கூட்டத்தின் வாயை அடைப்பது என்பதில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது, மனிதர்கள் போடும் திட்டம் எதுவும் இவ்வளவு சிக்கனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

உப்பு ஆசைக்கு இன்னொரு துணையும் உண்டு, அட்ரினல் சுரப்பி தரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன். பின்மூளையில் அதற்கென்றே ஏற்பி வைத்துக் காத்திருக்கும் செல்கள் இருக்கின்றன.

அப்புறம், நக்குவதை நிறுத்துவது எப்போது? உப்பு ரத்தத்தில் கலக்கும்வரை மூளை காத்திருப்பதில்லை. 2019இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் யூகி ஓகா குழுவினர் பார்த்தது இது: உப்புச் சுவை சுண்டெலியின் நாக்கில் பட்டதும் உப்பைத் தேட வைக்கும் செல்கள் சட்டென்று அடங்கின, அதே உப்பை நாக்கில் படாமல் நேராக வயிற்றுக்குள் செலுத்தியபோது அப்படி அடங்கவில்லை.