மாலகைட்: செம்புப் பச்சைக்கல்

வெளிர்பச்சையும் கரும்பச்சையும் வளையம் வளையமாக ஓடும் அலங்காரக் கல்லை மாலகைட் என்கிறோம். கிரேக்க மொழியில் 'மலாக்கே' என்பது ஒரு செடியின் பெயர். நம் ஊர்த் துத்தியும் செம்பருத்தியும் அச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அதன் இலைநிறத்தைக் கல்லில் கண்டவர்கள் இட்ட பெயர், இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தது. ஆகவே மூலச்சொல் நிறத்தை மட்டுமே உணர்த்துகிறது. அந்த நிறத்தைத் தந்த உலோகத்தைப் பற்றி அதில் ஒரு குறிப்பும் இல்லை.

நிறத்தைத் தந்தது செம்பு. செம்புத் தாதுப் படிவின் மேற்பகுதியை மழைநீரும் காற்றும் அரிக்கும்போது கரைந்து இறங்கும் செம்பு, கார்பனேட்டுடன் கூடிப் பாறைப் பொந்துகளில் படலத்தின்மேல் படலமாகப் படிந்து, திராட்சைக் குலைபோல உருண்டு திரள்கிறது. அந்த உருண்டையைக் குறுக்கே அறுத்து மெருகேற்றினால், மரத்தின் ஆண்டு வளையங்களைப் போன்ற கோடுகள் தெரியும். இரண்டு துண்டுகளில் ஒரே கோலம் அமைவதில்லை என்பதே இக்கல்லின் பேரழகு. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 3.5 முதல் 4 வரைதான் என்பதால் கத்திமுனை பட்டாலே கீறல் விழும்.

உரால் மலைச் சுரங்கங்களில் இக்கல் மிகுதியாகக் கிடைத்த 19ஆம் நூற்றாண்டில், ரஷ்யக் கைவினைஞர்கள் அதனைச் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தகடுகளாக அறுத்து, கோடுகள் தொடருமாறு இணைத்து, வேறு கல்லின்மீதோ உலோகத்தின்மீதோ ஒட்டினார்கள். 1837ஆம் ஆண்டுத் தீவிபத்துக்குப் பின் சென்ட் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனையில் அமைந்த மாலகைட் கூடத்துத் தூண்கள், முழுக்கல்லைக் குடைந்தவை போலவே தோன்றுகின்றன.

தமிழில் இதனை மரகதம் எனல் தவறு. அது பெரிலியம் கலந்த வேறு மணி. வெறும் 'பச்சைக்கல்' என்றாலும் நகைத்தொழிலில் மரகதத்தையே நினைப்பார்கள். செம்புக் குடத்தில் ஈரம் தங்கினால் படியும் பச்சையைக் களிம்பு என்கிறோம். உயிரை மறைக்கும் அழுக்காகிய ஆணவ மலத்துக்குச் 'செம்பிற் களிம்பு' என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும் அளவுக்கு, செம்புக்குள் பச்சை உண்டு என்பது தமிழுக்குப் பழகிய அறிவு. எனவே 'செம்புப் பச்சைக்கல்' என்பதே பொருத்தமான சொல் என்பது என் கருத்து. செம்மை என்னும் நிறத்தால் பெயர்பெற்ற உலோகமும் அதில் பிறந்த பச்சையும் அச்சொல்லில் அருகருகே நிற்கின்றன.

பச்சைப் பட்டாணியில் கலப்படமாகச் சேர்க்கப்படும் மாலகைட் கிரீன் என்ற சாயத்துக்கு மட்டும் இச்சொல்லை ஆளக்கூடாது. நிற ஒற்றுமையால் பெயர்பெற்ற அச்சாயத்தில் செம்பு சிறிதும் இல்லை. அதனை 'மாலகைட் பச்சைச் சாயம்' என்றே எழுத வேண்டும்.