ஒரு கேள்வி மரத்துப்போகிறது, இன்னொன்று ஏன் தைக்கிறது?

நல்லூர்த் திருவிழாவுக்காக ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “‘எப்ப வந்தனீங்கள்? எப்ப திரும்பிப் போறீங்கள்?’ என்று ஆட்கள் கேட்பது நாலைந்து நாளில் காதில் விழாமலே போய்விடுகிறது. ஆனால் ‘இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?’ என்பது மட்டும் கேட்கக் கேட்கக் கூடுதலாகச் சுடுகிறது. இரண்டும் ஒரேமாதிரித் திரும்பத் திரும்ப வருபவைதானே?”

தேர்முட்டியடியில் நலம் விசாரிப்பவருக்கு உங்கள் விமானம் இறங்கிய திகதி தேவையில்லை. இவ்வகைப் பேச்சு தகவலுக்காக அன்றி உறவைப் பேணுவதற்காகவே நிகழ்கிறது என்று மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923 இலேயே எழுதிவிட்டார். வாசகியின் கேள்விக்கான விடையோ, கடல் முயல் எனப்படும் அப்ளிசியாவிடம் இருக்கிறது.

ஓடு வெளியே தெரியாத இந்தக் கடல் நத்தைக்கு ஏறத்தாழ 20,000 நரம்புக்கலங்களே உண்டு. அதன் நீர்க்குழாயை மெல்லத் தொட்டால் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். தொட்டுக்கொண்டே இருந்தால் இழுப்பது குறைந்து, ஏறக்குறைய நின்றுவிடும். தசை களைத்துவிட்டது என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் தசையை இயக்கும் நரம்புக்கலத்தை நேரடியாகத் தூண்டினால் செவுள் முழு வேகத்தோடு சுருங்குகிறது. தொடுகையை உணரும் கலமும் முன்போலவே கணத்தாக்கத்தை, அதாவது மின் சைகையை, அனுப்புகிறது. குறைந்திருப்பது இரண்டுக்கும் இடையிலுள்ள நரம்பிணைப்பில் ஒவ்வொரு முறையும் வெளியேறும் இரசாயனச் செலுத்தியின் அளவு மட்டுமே. செய்தி வாசல்வரை வருகிறது, உள்ளே சொல்லப்படுவதில்லை என்பதை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. நாளுக்குப் பத்துத் தொடுகைகளாக நான்கு நாட்கள் கொடுத்தால், இந்த மரப்பு மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கிறது.

இதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் எரிக் கண்டெலுக்கு 2000 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நத்தையைத் தொட்டுப் பார்ப்பதற்கு நிதி வேண்டும் என்று நம் நாட்டில் ஒருவர் விண்ணப்பித்தால், ‘இதனால் மக்களுக்கு என்ன பயன்?’ என்ற ஒற்றை வரியோடு கோப்பு மூடப்படும் என்பது என் எண்ணம்.

இப்போது கலியாணக் கேள்விக்கு வருவோம். அதே நத்தையின் வாலில் மின்னதிர்ச்சி ஒன்று கொடுத்துவிட்டு, பிறகு நீர்க்குழாயை முன்போல மெல்லத் தொட்டால், அது செவுளை முன்னிலும் பலமாக இழுக்கிறது. வாலிலிருந்து வரும் செய்தி இடைநரம்புக்கலங்களைத் தூண்ட, அவை செரட்டோனின் என்னும் இரசாயனத்தைச் சுரக்கின்றன. அது, தொடுகையை உணரும் கலத்தின் முனையில் பொற்றாசியம் அயன்கள் வெளியேறும் வழிகளான கால்வாய்களை மூடச்செய்வதால் கணத்தாக்கம் நீள்கிறது, கல்சியம் அயன்கள் கூடுதலாக உட்புகுகின்றன, செலுத்தியும் கூடுதலாகக் கொட்டுகிறது. அடிபட்டது வால், கூசுவதோ நீர்க்குழாய் என்பதைக் கவனியுங்கள். கலியாணப் பேச்சு முடிந்த கையோடு, ‘தேத்தண்ணி குடிக்கிறியளோ பிள்ளை?’ என்று அன்பாகக் கேட்கும் மாமியிடமும் எரிந்து விழுவது இதனால்தான் என்று நான் ஊகிக்கிறேன். மனிதச் சலிப்பில் நினைவும் வெட்கமும் பெருமூளையும் சேர்வதால், நத்தையை வைத்து முழுவதையும் விளக்கிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மரத்துப்போதலும் கூர்மையடைதலும் ஓர் உயிரில் ஒரே நேரத்தில் இயங்குகின்றன என்றும், நாம் காணும் நடத்தை அவற்றின் கூட்டு விளைவே என்றும் குரோவ்ஸ், தொம்சன் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1970 இல் முன்வைத்தனர். தூண்டல் மெல்லியதாயின் முன்னையது வெல்லும், வலியதாயின் பின்னையது. கேள்வியொன்றின் வலிமை அதைக் கேட்பவரின் குரலில் அல்ல, அது போய் விழும் இடத்தில் இருக்கிறது. அதே கலியாணக் கேள்வி, அடுத்த மாதம் தாலி கட்டவிருப்பவரின் காதில் ‘எப்ப வந்தனீங்கள்?’ என்பதைப் போலவே விழும்.