பணவீக்கம் குறைந்தால் விலை குறையுமா?

"பணவீக்கம் வீழ்ச்சி, பொருட்களின் விலை குறைந்தது" என்று எத்தனை தரம்தான் செய்தியில் கேட்பது! அதை நம்பித் திருகோணமலைச் சந்தைக்குப் போகிறவர் பருப்புக்கும் சூடை மீனுக்கும் விலை கேட்டுவிட்டு, புள்ளிவிபரம் எல்லாம் பொய் என்ற முடிவோடு வீடு திரும்புகிறார். புள்ளிவிபரம் பொய்யல்ல. அதைத் தமிழாக்கியவர் பிழை விட்டிருக்கிறார். அவரை வழுக்க வைத்தது 'பணவீக்கம்' என்ற சொல்.

அதன் ஆங்கில மூலமான இன்ஃபிளேஷன், ஊதிப் பெருக்குதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தாள்பணம் மிதமிஞ்சிப் பெருகியதை அப்படிச் சொன்னார்கள். விலை உயர்வு என்ற பொருள் பிறகுதான் ஏறியது. பழைய பொருளுக்குப் 'பணவீக்கம்' நன்றாகவே பொருந்தும். வீங்குதலும் சங்கப் பாட்டிலேயே உள்ள வினை, எனவே தூய தமிழா என்ற கேள்விக்கே இடமில்லை.

இப்போது சிலர் 'விலைவீக்கம்' என்று எழுதுகிறார்கள். "எங்கள் பணம் எங்கே வீங்கியது, விலைதானே வீங்கியது" என்பது அவர்கள் வாதம். சரி, பணத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் கேடு முழுவதும் 'வீக்கம்' என்ற பாதியில்தான் இருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டார்கள். காலில் வீக்கம் குறைந்தால் கால் பழைய அளவுக்கு வந்துவிடும். "வீக்கம் வற்றிவிட்டது" என்றால் சுகம் என்றுதான் தமிழில் அர்த்தம். இன்ஃபிளேஷனோ விலை ஏறும் வேகம். வேகம் குறைந்தாலும், அது பூச்சியத்துக்குக் கீழே போகாதவரை விலை ஏறிக்கொண்டுதான் இருக்கும், ஏறினது இறங்காது. குடும்பங்கள் வாங்கும் சாமான்களின் சராசரி விலையைக் காட்டும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி, 2022 செப்டெம்பரில் அந்த வேகம் வருடத்துக்கு 69.8 சதவீதம். 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதம். அதாவது 2021இல் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான் 170 ரூபாயாகி, அடுத்த வருடம் 172 ஆனது. இதற்கு "வீக்கம் வற்றியது" என்று பெயர் வைத்தால் சனம் என்ன நினைக்கும்? நூறு ரூபாய் விலை திரும்பி வரும் என்றுதான் நினைக்கும்.

ஆகவே 'விலையேற்ற வீதம்' என்பதே என் தேர்வு. ஏற்றம் எல்லோருக்கும் விளங்கும், வீதம் அது வேகம் என்பதைக் காட்டும். நீளமான சொல் என்கிறார்கள். 'நுகர்வோர் விலைச் சுட்டெண்' என்று மூச்சு விடாமல் எழுதுகிறவர்களுக்கு இது நீளமா?

அந்தச் சுட்டெண்ணைச் சொல்லும்போதும் ஒரு அநியாயம் நடக்கிறது. கொழும்பு என்ற சொல்லை வெட்டிவிட்டு 'நாட்டின் பணவீக்கம்' என்று போடுகிறார்கள். அது கொழும்பு மாவட்டத்து நகர்ப்புறக் குடும்பங்களின் செலவை வைத்துக் கணிப்பது. அதில் உணவின் பங்கு ஏறத்தாழ 26 சதவீதம். நாடு முழுவதற்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணில் ஏறத்தாழ 39 சதவீதம். உழைப்பில் பாதிக்கு மேல் அரிசிக்கும் மாவுக்கும் மரக்கறிக்கும் போகிற மூதூர்க் குடும்பத்தின் கணக்கு இந்த இரண்டிலும் இல்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாயானது. மண்ணெண்ணெயில் ஓடும் படகை நம்பியிருந்த மீனவருக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு. அவர் அந்த மாதம் எந்தச் சதவீதத்தைக் கேட்டாலும் தன்னுடையது என்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். "உங்கள் விலையேற்றம் வேறு, கொழும்பின் சராசரி வேறு" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும்.

2024 செப்டெம்பரில் அதே கொழும்புச் சுட்டெண், முந்தைய வருடத்து செப்டெம்பரை விட 0.5 சதவீதம் இறங்கியது. அப்போது "விலை குறைந்தது" என்ற வாக்கியம் சரியாக வந்திருக்கும். ஆனால் எழுதினது, பூச்சியத்துக்குக் கீழே என்ற பொருளில், 'மறைப் பணவீக்கம்' என்று! அதை வாசித்து யாருக்கு என்ன விளங்கும்? 'விலையிறக்கம் 0.5 சதவீதம்' என்று எழுதுவதற்கு என்ன தடை?